இஸ்திரி போட்டு ஒட்டும் தாளில் பிறந்தநாள் சட்டை: வாங்கலாமா?

சின்னவனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது, பிறந்தநாளுக்குப் பச்சை டபுள் டெக்கர் பஸ் போட்ட சட்டைதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இங்கே சிங்கப்பூரில் சட்டையில் படம் அச்சடிக்கும் ஒரு கடையில் கேட்டால் ஒரே ஒரு சட்டைக்கு 35 வெள்ளி, ஒரு வாரம் ஆகும் என்றார்கள். நாலு மாதத்தில் சின்னதாகிவிடும் சட்டைக்கு அவ்வளவு கொடுக்க மனசு வரவில்லை. சரி, நாமே செய்துவிடலாம் என்று பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் போய் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர் (வீட்டு பிரிண்டரில் படத்தை அச்சடித்து, இஸ்திரி போட்டுத் துணியில் ஒட்டும் தாள்) வாங்கினேன், ஏ4 அளவில் ஐந்து தாள், 12 வெள்ளி. வெள்ளைப் பருத்திச் சட்டை தேக்கா சந்தை மாடியில் 6 வெள்ளிக்குக் கிடைத்தது.

வாங்கும்போதே ஒன்றைப் பாருங்கள். வெளிர் நிறத் துணிக்கு ஒரு வகை, கறுப்பு, நீலம் மாதிரி அடர் நிறத்துக்கு வேறு வகை. வெளிர் வகையில் அச்சடித்த பக்கத்தைத் துணிமேல் கவிழ்த்து இஸ்திரி போடுகிறோம், அதனால் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பித்தான் அச்சடிக்க வேண்டும். அடர் வகையில் பின்தாளை முதலிலேயே உரித்துவிட்டுப் படம் மேலே தெரியும்படி வைப்பது, அதைத் திருப்பக்கூடாது. இத்தனை முக்கியமான விஷயத்தைப் பாக்கெட்டின் பின்பக்கம் கடுகு அளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் பஸ்ஸைத் திருப்பினேன், பெயரைத் திருப்ப மறந்தேன். சட்டையை எடுத்துப் பார்த்த அத்தை, "என்னம்மா, பேரை மலையாளத்துல போட்டிருக்க?" என்றார். ஒரு தாளும் 6 வெள்ளிச் சட்டையும் போச்சு.

இன்னொன்று, இது இங்க்ஜெட் பிரிண்டருக்கான தாள். ஆபீஸில் இருக்கிறதே என்று லேசர் பிரிண்டரில் விட்டுவிடாதீர்கள், உள்ளே இருக்கும் சூட்டில் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சட்டைக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. இஸ்திரிப் பலகை மெத்தென்று இருப்பதால் அழுத்தம் நிற்காது, சாப்பாட்டு மேசையில் தலையணை உறையை மடித்துப்போட்டு அதன்மேல் செய்தேன். நீராவி கூடவே கூடாது, பெட்டியில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பருத்திக்கான சூட்டில் வைத்து, நின்றபடி உடம்பு பாரம் முழுக்க இறங்கும்படி அழுத்தினேன். ஓரங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம். ஆறியபின் ஒரு மூலையை நகத்தால் மெல்லக் கிளப்பிப் பார்த்தேன், பஸ்ஸின் பின் சக்கரம் தாளோடு சேர்ந்து எழுந்தது. அப்படியே திரும்பப் படுக்கவைத்து மறுபடி சூடு காட்டியதும் பிடித்துக்கொண்டது. வெள்ளைத் துணியில் நிறம் நன்றாகவே வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

எனக்குப் பிடிக்காதது அந்தப் படலம்தான். ஒட்டிய இடத்தில் பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இருக்கும், காற்று போகாது. விருந்து எங்கள் புளோக் வாய்ட் டெக்கில் (அடுக்குமாடியின் கீழ்த்தளத்துத் திறந்த இடம்), மத்தியானம் மூன்று மணிக்கு. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் நெஞ்சு முழுக்க இதை ஒட்டினால் பிள்ளை என்ன ஆவான்? அதனால் படத்தைச் சதுரமாக வெட்டாமல் பஸ்ஸின் ஓரத்தை ஒட்டியே வெட்டினேன், பெயரையும் சிறிதாக்கினேன்.

பெரிதாகத் தெரிய வேண்டிய 3-ஐத் தாளில் போடவேயில்லை. தீபாவளி ரவிக்கையில் மிஞ்சிய மஞ்சள் துணி இருந்தது, இரண்டு பக்கமும் ஒட்டும் வலைத்தாளை பிளாசா சிங்கப்பூராவில் ஸ்பாட்லைட் என்ற கைவினைப் பொருள் கடையில் வாங்கி, அதன் தாள் பக்கத்தில் 3-ஐத் திருப்பி வரைந்து (இந்த முறை மறக்கவில்லை), துணியின் பின்பக்கம் ஒட்டி, வெட்டி, தாளை உரித்து, சட்டையில் வைத்து இஸ்திரி போட்டுச் சுற்றிலும் ஜிக்ஜாக் தையல் ஓட்டினேன். அரைமணி நேர வேலை.

ஆறு முறை துவைத்தாகிவிட்டது. முதல் சலவைக்கு முன் ஒரு நாள் விட்டேன், எப்போதும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் பச்சைத் தண்ணீரில்தான் போடுகிறேன், அப்படியும் பஸ் வெளுத்து ஜன்னல் ஓரமெல்லாம் விரிசல் விட்டுவிட்டது. மஞ்சள் 3 தைத்த அன்று இருந்த மாதிரியே இருக்கிறது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். சட்டை இப்போது ராத்திரிச் சட்டையாகிவிட்டது, அவன் தினமும் விரிசலைத் தடவிப் பார்த்து "பஸ்ஸுக்கு அடிபட்டுடுச்சும்மா" என்கிறான். மீதித் தாள் மூன்று இருக்கிறது, அடுத்த மாதம் வரும் தன் பிறந்தநாளுக்கு அவன் அக்கா யூனிகார்ன் கேட்டிருக்கிறாள், அதுவும் கறுப்புச் சட்டையில். இந்தத் தாள் அதற்கு ஆகாது.