கேக் க்ரீமுக்கு நிறம்: பீட்ரூட்டா மாதுளையா, மஞ்சளா மாம்பழமா?

வீட்டு கேக்குக்கு முதலில் கேட்கப்படும் நிறம் ரோஸ். போட்டி பீட்ரூட்டுக்கும் மாதுளைக்கும். மாதுளைச் சாறு கிண்ணத்தில் இருக்கும்போது ஜோராக இருக்கும், பால் சேர்ந்த க்ரீமில் விட்டதும் சாம்பல் கலந்த ஊதாவாக மங்கிவிடும். அதன் நிறமி புளிப்பில்தான் சிவக்கும், பாலில் அந்தப் புளிப்பு இல்லை. செம்பருத்திக்கும் இதே கதிதான். பீட்ரூட்டின் நிறமி வேறு வகை, பாலில் விட்டாலும் ரோஸாகவே நிற்கும்.

சரி, சாறாகவா பொடியாகவா? 100 கிராம் வெண்ணெய்க்கு 200 கிராம் ஐசிங் சுகர் போட்டு அடித்த க்ரீமில் பச்சைச் சாறை ஊற்றினால், நிறம் ஏறுவதற்குள் க்ரீம் திரிந்து தண்ணீர் விடும். அரை கப் சாறைச் சிறு தீயில் இரண்டு டீஸ்பூனாகச் சுண்டவைக்கலாம். ஆனால் தீ கொஞ்சம் கூடினால் செங்கல் நிறம்தான் மிஞ்சும். என் ஓட்டு பொடிக்கு. மெல்லிசாகச் சீவிக் காயவைத்து, மிக்ஸியில் அரைத்து, வேட்டித் துணியில் சலிக்க வேண்டும். வத்தல் மாதிரி நேர் வெயிலில் போடாதீர்கள், நிறம் வெளுக்கும். சித்திரை மாதத்துச் சேலத்தில் நிழலில் அடிக்கிற அனல் காற்றே போதும். பொடியை அப்படியே வெண்ணெயில் தூவினால் புள்ளி புள்ளியாக நிற்கும். ஒரு டீஸ்பூன் பொடியைச் சில சொட்டுப் பாலில் குழைத்துச் சேர்த்து, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், நிறம் இன்னும் ஏறியிருக்கும். மண் வாசனை லேசாக வரத்தான் செய்யும். வெனிலா கொஞ்சம் தாராளமாகப் போனால் அடங்கிவிடும்.

மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்தூளே மலிவு. அதன் நிறமி கொழுப்பில் கரைவதால் ஒரு சிட்டிகை முழுக்கப் பரவும், இரண்டாவது சிட்டிகையில் சாம்பார் வாடை வந்துவிடும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பதைப் பார்த்துவிட்டு க்ரீமையும் அப்படிச் சிவக்கவைக்கலாமே என்று சோடா உப்பைத் தேடாதீர்கள், வாயில் வைக்க முடியாது. குங்குமப்பூ அழகுதான், விலைதான் இடிக்கிறது. மாம்பழ சீசனில் இந்த இரண்டையும் ஓரம் கட்டலாம். சேலத்து மல்கோவாவை நார் இல்லாமல் அரைத்து, அல்வா பதத்தில் வாணலியை விட்டு ஒட்டாமல் வரும்வரை கிளறி, நன்றாக ஆறவைத்துச் சேருங்கள். நிறம் இளமஞ்சள்தான். ஆனால் இந்தப் பட்டியலில் நிறத்தோடு நல்ல ருசியும் தருவது இதுவும் காப்பியும் மட்டுமே.

பச்சைக்கு முருங்கைப் பொடி வேண்டாம், கீரைக் கடைசல் நினைவு வரும். பாலக் சாறை லேசாகச் சூடாக்கினால் பச்சை திரண்டு மேலே வரும். அதைத் துணியில் வடித்து எடுங்கள், அரை டீஸ்பூன் போதும்.

வெள்ளைக்காரர் காலத்துச் சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்த காப்பி ஏற்காட்டில் இன்னும் விளைகிறது, பழுப்பு நிறத்துக்கு வேறு எதையும் ஏன் தேட வேண்டும்? தூளை உருக்கிய வெண்ணெயில் ஊறவைத்து வடித்தால் மணம் இறங்கும், நிறம் அவ்வளவாக இறங்காது. நிறம் வேண்டுமென்றால் முதல் டிகாக்‌ஷனைச் சர்க்கரையோடு பாகாகச் சுண்டவைக்க வேண்டும். சிக்கரி கலந்த தூளில் நிறம் இன்னும் கறுக்கும். கோக்கோ சுலபம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோக்கோ போட்டால் அது சாக்லேட் கேக்.

நீலத்துக்கு வேலியோரச் சங்குப்பூ. காய்ந்த பூவை மிகக் கொஞ்சம் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தால் மை போன்ற சாறு கிடைக்கும். பசு வெண்ணெயில் விட்டால் அதன் மஞ்சளோடு சேர்ந்து பாசி நிறம் வரும். எருமை வெண்ணெய் வெள்ளையாக இருப்பதால் தப்பிக்கலாம். ஆனால் தயிர் கடைந்து எடுத்ததென்றால் மோர்ப் புளிப்பு போக நாலைந்து தண்ணீரில் அலச வேண்டும், இல்லாவிட்டால் நீலம் ஊதாவாகிவிடும். இவ்வளவு பாடுபட முடியாதவர்கள் விப்பிங் க்ரீமில் கலக்கலாம். ஊதாவே கேட்டிருந்தால் அலசுகிற வேலையும் மிச்சம், இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் முடிந்தது.