இமாலயன் 411: உப்புக்காற்றில் ஓடிய பைக்கை வாங்கும் முன்

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் பக்கம் டோங்காட்டிலிருந்து இசிப்பிங்கோ வரை கடலோரமாகவே ஓடிய ராயல் என்ஃபீல்டு இமாலயன் 411 ஒன்று விலைக்கு வந்தால், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்க்கும் முன் குனிந்து முன் சக்கரத்துக் கேலிப்பரை, அதாவது பிரேக் பேடுகளை டிஸ்கோடு சேர்த்து அழுத்தும் உறுப்பைப் பாருங்கள். இந்த வண்டியில் எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் காலை வாராது. பிரேக்கும் பேரிங்கும்தான் முதலில் மக்கர் பண்ணும்.

2023 கடைசியில் புது இமாலயன் 450 வந்ததும் 411 நின்றுபோனது. ஆகவே இப்போது கைமாறுவது பெரும்பாலும் பழைய வண்டிதான். ஒற்றை சிலிண்டர், ஆயில் கூலர், ஏறக்குறைய 24 குதிரைத்திறன், 32 நியூட்டன் மீட்டர் இழுவை, 15 லிட்டர் டேங்க், முன்னே 21 அங்குலம், பின்னே 17 அங்குலச் சக்கரம். சானி பாஸ் மலைப்பாதையின் சரளைக்கல்லில் முதல் கியரில் மாட்டுவண்டி மாதிரி நிதானமாக ஏறும். என்2 நெடுஞ்சாலையில் மணிக்கு 95, 100 கிலோமீட்டர் வரை சுகம். அதற்குமேல் முறுக்கினால் நடுக்கமும் சத்தமும்தான் மிச்சம். என்3 நெடுஞ்சாலையில் மாரிட்ஸ்பர்க் ஏற்றத்தில் லாரிகளுக்கு நடுவே தினமும் போகிறவர்கள் வேறு வண்டி பார்ப்பது நல்லது.

இனி பிரேக். 2020-இல் கம்பெனி இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650, இமாலயன் மூன்றிலுமாக 15,200 வண்டிகளைப் பழுது சரிசெய்யத் திரும்ப அழைத்தது, அதாவது ரீகால். பனி உறையாமல் இருக்கச் சாலையில் தூவும் உப்பு, கேலிப்பருக்குள் பிஸ்டன் உட்காரும் துளையை அரித்தது. அதனால் சத்தம், உராய்வு, அபூர்வமாகப் பிரேக்கே குறைவது. அறிவித்த இடங்கள் பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியா. நம் ஊர் அதில் இல்லை. டர்பனில் யாரும் சாலையில் உப்பு தூவுவதில்லை என்பது சரிதான். ஆனால் அந்த நாடுகளில் குளிர்காலம் முடிந்தால் உப்பும் முடிந்தது. உம்லாங்காவில், பல்லிட்டோவில் வெளியே நிறுத்திய வண்டிமேல் பன்னிரண்டு மாதமும் கடல்காற்று படிகிறது. அளவு குறைவு, நாள் அதிகம்.

உள்ளே நடப்பது இதுதான். பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுள்ள ஒரு ரப்பர் சீல், அலுமினியக் கேலிப்பரில் கடைந்த பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். பிரேக்கை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வரும், சீல் லேசாக வளையும். விட்டதும் சீல் பழையபடி நிமிர்ந்து பிஸ்டனை நூலிழை அளவு உள்ளே இழுக்கும். டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைத் திருப்பி இழுக்க வேறு ஸ்பிரிங் கிடையாது, இந்த ரப்பர்தான். பள்ளத்துக்குள் உப்பு இறங்கினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து, சீலைப் பின்னாலிருந்து பிஸ்டனோடு நெருக்கும். நெருக்கப்பட்ட சீல் வளையாது, வளையாதது இழுக்காது. பேட் டிஸ்கிலேயே உரசிக்கொண்டு கிடக்கும்.

சோதிக்க ஸ்பானர் வேண்டாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் உள்ள தகட்டின் கீழ் ஜாக்கி கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். கையால் சுழற்றி, பிரேக்கை ஒருமுறை இறுக்கி விட்டு, மறுபடி சுழற்றுங்கள். பேட் லேசாகத் தொட்டு 'ஸ்ஸ்' என்று ஓடினால் பரவாயில்லை. அரைச் சுற்றில் நின்றால் பிஸ்டனோ, கேலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது. பின்பக்கத்தையும் இதேபோல் பாருங்கள், அங்கே சேறும் சேர்ந்து அடிக்கும். பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, டிஸ்க் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம். அனல் அடித்தால் விலையைக் குறைத்துப் பேசக் காரணம் கிடைத்துவிட்டது.

சரிசெய்வது பெரிய வித்தை அல்ல, பொறுமைதான் வேண்டும். கேலிப்பரைக் கழற்றி, பேட்டை எடுத்துவிட்டு, பிரேக் லீவரை மெதுவாக அழுத்தியே பிஸ்டன்களை வெளியே கொண்டுவரலாம். முன்னே இரண்டு பிஸ்டன். ஒன்று முந்தினால் அதை மரத்துண்டால் தடுத்து மற்றதை வரவிடுங்கள். சீலை எடுத்ததும் பள்ளத்தைப் பித்தளை ஊசியாலோ கூர்செய்த மூங்கில் குச்சியாலோ சுரண்டுங்கள். உப்புத்தாளும் இரும்பு பிரஷும் பக்கத்தில் வரக்கூடாது. பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் மாற்றியே ஆகவேண்டும், தேய்த்துப் போட்டால் மறுபடி அங்கேதான் கசியும். சீல் எப்போதும் புதிது. பொருத்தும்போது புது பிரேக் ஆயிலில் நனைத்துப் போடுங்கள். ஸ்லைடு பின்னுக்கு சிலிகான் கிரீஸ். சாதாரண கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதிப்போய் முதலில் இருந்த கோளாறே தேவலை என்றாகிவிடும். டாட் 4 ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும், டர்பன் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை: வண்டிக்குப் பூஜை போடும்போது சந்தனமும் குங்குமமும் ஹெட்லைட்டோடு நிற்கட்டும், டிஸ்கில் வேண்டாம்.

அடுத்த தலைவலி ஹேண்டில் பேரிங். 411 வைத்திருப்பவர்கள் எந்த நாட்டில் கூடினாலும் இந்தப் பேச்சு வரும். கம்பெனி போட்டது உருண்டை பால் பேரிங், கிரீஸும் தாராளம் இல்லை. கல்லுப்பாதையில் அடி வாங்கி அடி வாங்கி, நேர்நிலையில் பால்கள் தட்டில் பள்ளம் போட்டுவிடும். முன் சக்கரம் தூக்கியிருக்கும்போதே ஹேண்டிலை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று உட்கார்ந்தால் பேரிங் போய்விட்டது. சாலையில் இது வண்டி லேசாக அலைவதாகத் தெரியும், பலர் டயர்மேல் பழி போடுவார்கள். பதிலுக்கு, பாலுக்குப் பதில் சாய்ந்த உருளைகள் உள்ள டேப்பர் ரோலர் பேரிங் போட்டு, தண்ணீரில் கரையாத கிரீஸைக் கை நிறைய அப்பினால் வெகுநாள் தொல்லை இல்லை. பழைய பேரிங் உட்கார்ந்திருந்த கிண்ணங்களைத் தட்டி எடுப்பதுதான் வேலை, பேரிங் விலை பெரிதல்ல. அந்தச் சாக்கில் பின் சஸ்பென்ஷன் லிங்கேஜையும் பிரித்து கிரீஸ் வைத்துவிடுங்கள், அதுவும் காய்ந்துதான் கிடக்கும்.

சைடு ஸ்டாண்டு சுவிட்சில் தண்ணீர் புகுந்தால் கியர் போட்டதும் எஞ்சின் நிற்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே பெரும்பாலும் சரியாகும். வயரை முறுக்கி நிரந்தரமாக இணைத்து வைத்திருந்தால், அந்த வண்டியில் வேறு எதையெல்லாம் அப்படிச் 'சரி' செய்திருப்பார்கள் என்று யோசியுங்கள். ஸ்போக்கை ஸ்பானரால் வரிசையாகத் தட்டுங்கள், மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது.

2021 மே மாதம் வந்த இக்னிஷன் காயில் ரீகால் அறிவிப்பைக் கேட்டுச் சிலர் 411-ஐப் பார்த்தும் பயப்படுகிறார்கள். அது 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரான கிளாசிக், புல்லட், மீட்டியோர் மூன்றுக்கும் உரியது, மொத்தம் 2,36,966 வண்டி. இமாலயன் அதில் இல்லை.

காகிதத்தில் செய்யவேண்டியது: ஸ்டீயரிங் தலையில் பொறித்த 17 இலக்கச் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் ஒட்டும் லைசென்ஸ் டிஸ்க் என்ற உரிமச் சீட்டோடு ஒப்பிட்டு, சேசிஸ் எண்ணை டீலரிடம் கொடுத்து நிலுவையில் ரீகால் வேலை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பெயர் மாற்ற, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்னும் ரோட்வொர்த்தி சான்றிதழ் கட்டாயம், ஆனால் அது ரீகால் வேலை முடிந்ததற்குச் சாட்சி அல்ல. டீலரிடம் வாங்கினால் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவில் ஆறு மாதம் உங்கள் கையில் இருக்கிறது. பழுதுபார், மாற்றிக்கொடு, பணத்தைத் திருப்பு என்று கேட்கலாம். பழுதுபார்த்த கோளாறு மூன்று மாதத்துக்குள் திரும்பினால், மாற்று வண்டியோ பணமோ கொடுத்தாகவேண்டும். தனியாளிடம் வாங்கினால் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று எழுதியிருப்பார், உள்ளது உள்ளபடி. தெரிந்தே மறைத்த பழுதுக்கு அந்த வார்த்தை அவரைக் காப்பாற்றாது, ஆனால் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. அதனால் பணம் கொடுக்கும் முன்பே, 'கேலிப்பர் கடைசியாக எப்போது பிரித்தீர்கள்?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.