பேய்ப் படம் இல்லை என்று சொல்லத் தெரிந்த பேனர் கடை, திருப்பாதிரிப்புலியூர்

நான் எடுத்த குறும்படத்தின் பெயர் 'ஐஸ் பெட்டி'. 22 நிமிடம். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, மஞ்சக்குப்பம் தெருக்களில் கூவி விற்கிற ஒரு அம்மா, கல்லூரிக்குப் போகும் அவள் மகள். இவ்வளவுதான் கதை. அம்மாவாக நடித்தது என் சித்தி. நிஜத்திலும் இருபது வருஷமாக மீன் விற்கிறவர்.

முதல் போஸ்டரைப் புதுச்சேரியில் ஒருவரிடம் கொடுத்தேன். பெயர் எழுதப் போவதில்லை. அவர் படத்தைப் பார்க்கவில்லை. தலைப்பைக் கேட்டார், நான்கு போட்டோ வாங்கிக்கொண்டார், மறுநாள் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். கருநீலப் பின்னணி, வெள்ளைப் புகை, பாதி திறந்த பெட்டி, மூடியின் விளிம்பில் ஒரு கை. எழுத்தெல்லாம் விரிசல். பார்க்க எடுப்பாக இருந்ததால் நானும் சரி என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் ஐஸ் பெட்டி என்றால் சாவு வீட்டுக்கு வாடகைக்கு வருகிற பெட்டியும்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

திரையிடலுக்கு அறுபது பேர் வந்தார்கள், பாதிக்கு மேல் கல்லூரிப் பையன்கள். பத்து நிமிடம் போனதும் "பேய் எப்ப வரும்?" என்று ஒரு குரல். முடிவதற்குள் இருபது பேர் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. பேய் வரும் என்று நாங்கள் சுவரில் ஒட்டிவைத்தோம், நம்பி வந்தார்கள். ஆனால் முதல் வரிசையில் இருந்த சித்தி, ஒவ்வொருவர் போகும்போதும் திரும்பிக் கதவைப் பார்த்தது இன்னும் எனக்கு ஆறவில்லை.

இரண்டாவது திரையிடல் கடலூரில். அதற்குத்தான் இந்தக் கடைக்குப் போனேன். லாரன்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது. பலகை மங்கிவிட்டது, டீக்கடையில் "பேனர்காரர் கடை" என்று கேட்டால் காட்டுவார்கள். பெரியவர் ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்பு தியேட்டர்களுக்குக் கையால் பேனர் வரைந்தவர். இப்போது கம்ப்யூட்டரில் உட்கார்வது மகன். போஸ்டரில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது இன்னமும் அப்பாதான்.

"மொதல்ல படத்தப் போடும்மா, பேச்செல்லாம் அப்புறம்" என்றார். முழுப் படத்தையும் நின்றுகொண்டே பார்த்தார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: "இதப் பாக்க யாரு வரணும்?" எல்லாரும் என்றேன். "எல்லாரும்னு ஒரு ஆளு தெருவுல நடக்கறதில்லம்மா." கொஞ்சம் யோசித்து, அம்மாவும் மகளும் சேர்ந்து வர வேண்டும் என்றேன். அப்போதுதான் பென்சிலை எடுத்தார்.

அன்று ஒரு மணி நேரம் பழைய போஸ்டர் கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பிக் காட்டினார். பேய்ப் படத்தில் ஆள் சின்னது, இருட்டு பெரியது. அடிதடிப் படத்தில் கேமரா முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும், நாயகன் மேலிருந்து நம்மைப் பார்ப்பான், எல்லாம் சாய்வாக இருக்கும். காமெடிக்கு வெளிர் பின்னணி, மஞ்சள், தலை முதல் கால் வரை முழு உருவம். சிரிப்பு உடம்பில்தானே இருக்கிறது. குடும்பப் படத்துக்கு முகங்கள், அதுவும் நம் கண் மட்டத்தில். என் பழைய போஸ்டரை நடுவில் வைத்தார். ஒரு முகம்கூட இல்லை.

கடல் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். 1975-ல் வந்த ஜாஸ் படப் போஸ்டரைப் போனில் எடுத்துக் காட்டினேன். மேலே ஒரு பெண் நீந்துகிறாள், கீழேயிருந்து சுறாவின் வாய் நிமிர்ந்து வருகிறது, அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. பெரியவர் ரசித்துப் பார்த்தார். "இதுல நம்மள தண்ணிக்குள்ள எறக்கிட்டான். உன் படத்துல நாம கரையிலதான் நிக்கணும்" என்றார். கடல் பின்னால் ஒரு சாம்பல் பட்டையாகப் போனது. முன்னால் மஞ்சள் சேலையில் சித்தி, தோளை ஒட்டி மகள், இருவருக்கும் நடுவே திறந்த பெட்டி, அதில் மீன் வால் தெரிகிறது. மீன் தெரிந்தால் சாவு வீடு ஞாபகத்துக்கு வராது. இதைச் சொன்னவர் மகன்.

எழுத்தில்தான் சண்டை. 'ஸ்', 'ட்' இரண்டின் புள்ளிகளையும் ஐஸ் கட்டியாகப் போடலாம் என்றேன். கூடவே கூடாது என்றார், எழுத்து விளையாட ஆரம்பித்தால் காமெடி என்று நினைத்துவிடுவார்களாம். தேவனாம்பட்டினத்துப் படகுகளில் பெயர் எழுதுவார்களே, அந்த மாதிரி தடித்த பிரஷ் எழுத்தைத் தானே தாளில் எழுதி ஸ்கேன் செய்யச் சொன்னார். இப்போது பார்க்கும்போது அவர் சொன்னதுதான் சரி.

போட்டோ விஷயத்தில் மகனுக்கு நன்றி சொல்ல வேண்டும். படத்திலிருந்து ஒரு ஃப்ரேமை எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். 1920-க்கு 1080 பிக்சல் ஃப்ரேமை நிமிர்ந்த போஸ்டருக்கு வெட்டினால் 720-க்கு 1080 தான் மிஞ்சும். டபுள் கிரவுன், அதாவது 20-க்கு 30 அங்குலத் தாளில் இழுத்தால் அங்குலத்துக்கு 36 பிக்சல். முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். கேமராவில் தனியாக எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். போகிறவர்கள் ஒரிஜினல் ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள், வாட்ஸப்பில் அனுப்பியது உதவாது.

மாதிரி அச்சு வந்ததும் எதிர்ச் சுவரில் பிடிக்கச் சொல்லி, என்னைக் கடை வாசலில் நிற்க வைத்தார் பெரியவர். குறுக்கே ஒரு ஆட்டோ போனது. "ஆட்டோவுல போறவன் கண்ணு இவ்ளோ நேரந்தான் நிக்கும். என்ன தெரிஞ்சுது?" அம்மாவும் பொண்ணும், மீன், என்றேன். தலைப்பு? அதற்கப்புறம்தான் படித்தேன். அந்த வரிசை சரிதான் என்றார்.

குறைகளும் உண்டு. ஐந்து நாள் என்று சொல்லி ஒன்பது நாள் ஆக்கினார்கள், மதியத்துக்கு மேல் போனை எடுப்பதில்லை. முதலில் வந்த ஐந்து பிரதிகளில் சேலை மங்கிப் பச்சையடித்தது. திரையில் ஒளியாகத் தெரிகிற நிறம் நான்கு மையில் அப்படியே வராது, அதனால்தான் மாதிரி அச்சு. முதல் மாதிரிக்குப் பிறகு நிறத்தை மாற்றிய மகன், மறுபடி ஒரு மாதிரி எடுக்காமல் ஓட்டிவிட்டார். சொன்னதும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். கீழே பெயர் வரிசையைப் பொடி எழுத்தில் போட்டதை நான் ஏற்கவே இல்லை. எங்கள் கேமராமேன் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

டிசைனுக்கு 4,000 ரூபாய், பிரதி ஒன்றுக்கு 70. ஐம்பது எடுத்தேன். 500-க்கு மேல் வேண்டுமென்றால் ஆப்செட்டுக்குப் போ, இங்கே வராதே என்று அவரே சொல்லிவிட்டார். ஒட்டுவதற்கு மைதாப் பசையும் தருகிறார்கள், மாடு தின்னாமல் இருக்க மயில்துத்தம் கலந்தது, கையைக் கழுவிவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் திரையிடலுக்கு நாற்பது பேர்தான் வந்தார்கள், முதல் தடவையைவிடக் குறைவு. பெண்கள் அதிகம். சித்தியோடு ஏலத்துக்குப் போகிற இரண்டு பேர் கூடையைக் கூடத்துக்கு வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கடைசி வரை யாரும் எழுந்து போகவில்லை. சித்தி திரையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.