"கீ தொலைந்துவிட்டது" என்று சர்வீஸ் கடையில் சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

பழைய லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு சேர்த்து வாங்கிய லேப்டாப் என்றால், அதன் கீ, அதாவது விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் 25 எழுத்து லைசென்ஸ் நம்பர், ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் இருப்பதில்லை. கம்பெனிக்காரர்கள் அதை மதர்போர்டிலேயே பதித்து அனுப்புகிறார்கள். டிஸ்க் செத்தாலும், ஃபார்மேட் செய்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். இது தெரியாதவர்களிடம் "கீ போயிடுச்சு" என்று சொல்லிக் காசு பார்க்கிறார்கள். என் அக்காவிடம் அப்படித்தான் 5,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. லேப்டாப் 2017ல் வாங்கியது. ஹார்ட் டிஸ்க் பழுதாகி மெஷின் ஆன் ஆகாமல் போனதால், பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு கடையில் கொடுத்தார். அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற புது வகை டிஸ்க்கைப் போட்டார்கள். அதற்கு வாங்கிய காசு நியாயமானதுதான், அதில் எனக்குக் குறையில்லை. அதன் பிறகுதான் கடைக்காரர் லேப்டாப்பைக் கவிழ்த்து ஸ்டிக்கரைக் காட்டியிருக்கிறார். "பாருங்க டீச்சர், இதுல நம்பரே இல்ல. உங்க கீ பழைய டிஸ்க்கோட போச்சு. ஒரிஜினல் கீ போட்டுத் தர்றேன், லைஃப்டைம் பிரச்சனை வராது." விண்டோஸுக்கு 2,500, ஆபீஸுக்கு 3,000. பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் "சாஃப்ட்வேர் சார்ஜ்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

ஸ்டிக்கரில் நம்பர் இல்லாதது உண்மைதான். ஆனால் அந்த மாடலில் நம்பர் இருக்கவே இருக்காது. விண்டோஸ் 7 வரைக்கும்தான் ஐந்து ஐந்தாக 25 எழுத்துகளை ஸ்டிக்கரில் அச்சிட்டு ஒட்டினார்கள். அதற்குப் பிறகு வந்தவற்றில் வெறும் லோகோ ஸ்டிக்கர்தான். தினமும் லேப்டாப்பைத் திறந்து மூடும் தொழில்காரருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்தேதான் அந்த ஸ்டிக்கரை ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்.

சில மாதம் ஓடியது. பிறகு திரையின் வலது கீழ் மூலையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லும் மங்கலான எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கா போன் செய்ததற்கு, "கீ எக்ஸ்பைரி ஆயிருக்கும் டீச்சர், கொண்டு வாங்க, பாதி ரேட்டுல போட்டுடலாம்" என்றாராம். லைஃப்டைம் என்று விற்றது எப்படி எக்ஸ்பைரி ஆகும்? அப்போதுதான் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, ஸ்லாஷ் போட்டு டிஎல்ஐ என்று சேர்த்து என்டர் தட்டினேன். சின்ன ஜன்னல் ஒன்று திறந்தது. அதில் எண்டர்பிரைஸ் எடிஷன் என்றும், அதற்குக் கீழே வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்றும் இருந்தது. இந்த வகை லைசென்ஸ் பெரிய நிறுவனங்களுக்கானது. அவர்கள் ஆபீஸுக்குள் ஒரு சர்வர் வைத்திருப்பார்கள். அங்குள்ள கம்ப்யூட்டர்கள் அதனிடம் அவ்வப்போது கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். ஒருமுறை புதுப்பித்தால் 180 நாள் செல்லும். ஒரு டீச்சர் வீட்டு லேப்டாப்பில் அதற்கு என்ன வேலை? கிராக், அதாவது லைசென்ஸை ஏமாற்றும் திருட்டு மென்பொருள் ஒன்று அந்த சர்வர் மாதிரி நடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அது நின்றதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

என்னை அதிகம் கோபப்படுத்தியது அடுத்துப் பார்த்ததுதான். விண்டோஸ் செக்யூரிட்டியில், ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று ஒதுக்கி வைக்கும் பட்டியலில், சி டிரைவ் முழுவதும் இருந்தது. கிராக்கை ஆன்டிவைரஸ் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக வாசல் கதவையே கழற்றி வைத்துவிட்டார்கள். அக்கா நெட் பேங்கிங் பார்ப்பது அந்த மெஷினில்தான்.

ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 10ஐ இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, புதிதாகப் போட்டேன். எந்த எடிஷன் வேண்டும் என்றுகூட அது கேட்கவில்லை. மதர்போர்டில் இருந்த கீயைப் பார்த்துத் தானாகவே ஹோம் சிங்கிள் லாங்குவேஜைப் போட்டுக்கொண்டது. நம் ஊரில் விற்கும் லேப்டாப்களில் வழக்கமாக வருவது இதுதான். வைஃபை கொடுத்ததும் ஆக்டிவேட் ஆகிவிட்டது. ஆபீஸும் அப்படியே. வாங்கியபோது கூட வந்த ஆபீஸ் 2016, அக்காவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகி இருந்தது. லாகின் செய்து இறக்கிப் போட்டதும் முடிந்தது. ஆக 5,500 ரூபாயும் ஏற்கெனவே அக்காவுக்குச் சொந்தமாக இருந்ததற்கு வாங்கிய காசு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பது வேறு கதை. லைசென்ஸ் அதனால் செத்துவிடாது.

உங்கள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷோகீபிளஸ் என்ற இலவச மென்பொருளை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து போட்டுப் பாருங்கள். போர்டில் பதிந்த கீயைக் காட்டும். எழுதி வையுங்கள். மதர்போர்டையே மாற்றினால் மட்டும் இந்தக் கீ போய்விடும். அதனால் "போர்டு எக்ஸ்சேஞ்ச்" என்றால் இரண்டு முறை யோசியுங்கள். விண்டோஸ் 7 மெஷின் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. கம்பெனியே விண்டோஸ் போட்டுக் கொடுத்தவற்றில் இந்த மாதிரி மென்பொருள் காட்டுவது கம்பெனி பொதுவாகப் போட்ட கீயாக இருக்கும், மறுபடி போடும்போது அது உதவாது. ஸ்டிக்கரில் இருப்பதுதான் உங்களுடையது. லேப்டாப்பின் அடியிலோ பேட்டரியைக் கழற்றினால் உள்ளேயோ இருக்கும். தேய்ந்து போவதற்குள் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். செத்தது என்று அவர்கள் சொல்லும் டிஸ்க்கைப் பல சமயம் இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் படிக்க முடியும். பழைய மென்பொருள்களின் கீகளை அதிலிருந்தே எடுக்கலாம். அக்காவின் டிஸ்க்கில் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும் வீட்டில் எல்லோருடைய ஆதார் நகலும் இருந்தன. நேரில் போய்க் கேட்டதற்கு, "அதெல்லாம் வேஸ்ட்ல போட்டாச்சு சார்" என்றார் கடைக்காரர். கிராக் போட்டதைப் பற்றிக் கேட்டதற்கு, "எல்லாருக்கும் இதான் போடுறோம், யாரும் வந்து கேட்டதில்ல" என்றார்.

நாங்கள் கேட்டுவிட்டோம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறது. துண்டுச் சீட்டு உதவாவிட்டாலும் யுபிஐயில் பணம் போன விவரமும், "ஒரிஜினல் கீ, லைஃப்டைம்" என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜும் கையில் இருக்கின்றன. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் மெசேஜையும் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் வையுங்கள்.