ஆர்வி-7 விமானத்தில் ஆட்டோபைலட்: இரு வழிகள்
அமெரிக்காவில் வீட்டிலேயே கட்டி முடித்துப் பறந்துகொண்டிருக்கும் வேன்ஸ் ஆர்வி-7 விமானத்தில் பின்னாளில் ஆட்டோபைலட் பொருத்த இரு வழிகள் உண்டு. பறப்புத் தகவல்களைக் காட்டும் டைனான் ஸ்கைவியூ மின்னணுத் திரை ஏற்கெனவே இருந்தால், கணக்கிடும் வேலையைத் திரையே செய்துவிடுவதால், விமானத்தின் கட்டுப்பாடுகளை அசைக்கும் இரண்டு செர்வோ மோட்டார்களும் அவற்றுக்கான வயரிங்கும் ஏறக்குறையப் போதும். ஆனால் ஒற்றைத் திரை அணைந்தால் ஆட்டோபைலட்டும் உடன் போய்விடும். பழைய முள் கருவிகள் உள்ள விமானத்துக்கு, ஜிபிஎஸ் தரவைப் பெற்றுத் தனித்து இயங்கும் ஆட்டோபைலட்டான டிரியோ புரோ பைலட்டே ஏற்றது என்பேன். ஆட்டோபைலட்டுக்காக மட்டும் கருவிப் பலகையை முழுதும் மாற்றுவது வீண் செலவு.

எதை வாங்கினாலும், சாமான் அறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு எலிவேட்டர் பெல்கிராங்க் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பை அசைக்கும் நெம்புகோல்) அருகே செர்வோவை முடுக்கும் பாடு ஒன்றுதான். மற்ற செர்வோ இறக்கையில் வருவதால், கட்டும்போதே அதற்குள் வயர் குழாய் விட்டு வைத்தவர் பாக்கியசாலி. பொருத்திய பின், கட்டுப்பாட்டு ஸ்டிக்கை எல்லாத் திசைகளிலும் கடைசிவரை அசைத்து, செர்வோவின் கை, அதோடு இணைந்த தண்டுடன் எங்கும் நேர்கோட்டைத் தாண்டிப் பூட்டிக்கொள்ளவில்லை என்று பார்த்தே தீர வேண்டும்.