ஓடிஜி அவனும் ஆப்பிள் பஃபும்: சென்னை வெயிலில் சில வருடப் பழக்கம்

ஆப்பிள் பஃப் செய்ய எந்த அவன் வாங்கலாம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். சில வருடமாக வீட்டில் செய்து பழகியதில் எனக்குத் தெரிந்தது, அவனுக்கு இதில் மூன்றாவது இடம்தான். முதல் இடம் சமையலறைச் சூட்டுக்கு, இரண்டாவது ஆப்பிள் விடுகிற தண்ணீருக்கு. இந்த இரண்டையும் சமாளித்துவிட்டால் சுமாரான ஓடிஜியிலும் (சுடவும் டோஸ்ட், கிரில் செய்யவும் உதவுகிற சின்ன மின்சார அவன்) பேக்கரி பஃபைவிட நல்லதாகவே வரும். சமாளிக்காவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த அவனாக இருந்தாலும் அடி ஊறிப்போன மைதா பொட்டலம்தான் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் இருப்பது 28 லிட்டர் ஓடிஜி, 1600 வாட். மேலே சூடாக்கும் ராடு இரண்டு, கீழே இரண்டு, திருகு குமிழ் மூன்று. விசிறி கிடையாது. பெரிய 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் பக்கத்தில் இருந்தால்தான் வைக்க முடியும், வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரில் ஓடாது. மே, ஜூனில் பாதி வேகும்போது கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

முதலில் சூட்டைச் சொல்லிவிடுகிறேன். பஃப் அடுக்கடுக்காக எழும்புவதற்குக் காரணம் ஆவி. மாவின் மெல்லிய அடுக்குகளுக்கு நடுவே வெண்ணெய் இருக்கிறது. கடை வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். சூடான அவனுக்குள் போனதும் அந்தத் தண்ணீரும் மாவில் இருக்கும் தண்ணீரும் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்கிவிடும். இதற்கு அவனுக்குள் போகிற வரை வெண்ணெய் தனி அடுக்காக, கெட்டியாக இருக்க வேண்டும். வெண்ணெய் 20 டிகிரி தாண்டினாலே இளகத் தொடங்கும், 32 முதல் 35 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். சித்திரை மாதம் மதியம் சென்னை சமையலறை எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். வெளிநாட்டுச் செய்முறைகளில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதுவது நம் வீட்டு அறையை இல்லை.

நெய் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். நெய்யில் தண்ணீர் அநேகமாக இல்லை, நம் ஊர்ச் சூட்டில் கெட்டியாகவும் நிற்காது. போட்டால் பொரபொரப்பும் மணமும் வரும், அடுக்கு வராது.

அதனால் நான் செய்கிற மாவு வேலையெல்லாம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, இல்லையென்றால் ராத்திரி பெட்ரூமில் ஏசி போட்டபிறகு. பிள்ளையின் படிப்பு மேஜையைத் துடைத்து அதன்மேல் மாவு தேய்க்கிறேன், வீட்டில் எல்லாருக்கும் பழகிவிட்டது. முறைப்படி வெண்ணெயைத் தகடாகத் தட்டி மாவுக்குள் பொதிந்து மடிக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன். துண்டு வெண்ணெயை மாவோடு கலந்து மடிக்கும் சுலப முறையே போதும். அளவு: மைதா 250 கிராம், ஃப்ரிட்ஜில் கெட்டியாக இருக்கும் உப்பில்லாத வெண்ணெய் 175 கிராம், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் வினிகர், ஐஸ் தண்ணீர் 110 முதல் 120 மில்லி. உப்பு வெண்ணெய் என்றால் உப்பை விட்டுவிடலாம். வெண்ணெயைச் சின்ன விரல்நுனி அளவுக்கு வெட்டி, மைதாவில் புரட்டி, தண்ணீர் தெளித்துச் சேர்த்துப் பிடித்தால் போதும், பிசையக் கூடாது. துண்டுகள் மாவில் வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டும். நீளமாகத் தேய்த்து மூன்றாக மடிப்பது, 20 நிமிடம் ஃப்ரிட்ஜ், மறுபடி தேய்ப்பது. நான்கு முறை மடித்தால் கணக்குப்படி 81 அடுக்கு. துண்டு வெண்ணெய் முறையில் அத்தனையும் ஒழுங்காகப் பிரிந்து நிற்காது, ஆனால் கடித்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தேய்க்கும்போது கட்டை மாவில் ஒட்ட ஆரம்பித்தால் மைதா தூவிச் சரிக்கட்ட வேண்டாம். வெண்ணெய் இளகிவிட்டது என்று அர்த்தம், உடனே ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள்.

நேரம் இல்லாதவர்களுக்குக் கடையில் உறைந்த பஃப் ஷீட் கிடைக்கிறது. நானும் அவசரத்துக்கு வாங்குவேன். நன்றாகவே எழும்பும். பாக்கெட்டின் பின்னால் என்ன கொழுப்பு என்று மட்டும் பாருங்கள். பலவற்றில் பாமாயிலில் செய்த மார்ஜரின்தான் இருக்கும். அது வெண்ணெயைவிட அதிகச் சூட்டில்தான் உருகும் என்பதால் கையாள லேசு. வெண்ணெய் வாயில் கரைகிற மாதிரி அது கரையாது, மேலண்ணத்தில் ஒரு பூச்சு தங்கும். டீக்கடை முட்டை பஃபில் அது பழகிய ருசி, யாரும் குறை சொல்ல மாட்டோம். ஆப்பிளோடு எனக்கு அது ஒத்துப்போகவில்லை.

இனி ஆப்பிள். மாவைவிட இதில்தான் பேச நிறைய இருக்கிறது.

நம் பழக்கடையில் சிம்லா ஆப்பிள் என்று வருவது பெரும்பாலும் டெலிஷியஸ் வகை. இமாச்சலத்தில் குலு பக்கம் பந்த்ரோலில் கேப்டன் ஆர்.சி. லீ என்ற ஆங்கிலேயர் 1870 வாக்கில் தோட்டம் போட்டபோது நட்டவை ஆங்கிலேய வகைகள், புளிப்பு தூக்கலானவை. இனிப்புக்குப் பழகிய நம் நாக்கு அதை ஏற்கவில்லை. 1916-இல் சிம்லா பக்கம் கோட்கர் பகுதியில் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் ரெட் டெலிஷியஸ் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போய், பின்னாளில் சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டவர் அவர். அவருடைய இனிப்பு ஆப்பிள்தான் மலையையும் சந்தையையும் பிடித்தது. அடுப்பில் வைக்கிறவளுக்கு இதில் ஒரு நஷ்டம் உண்டு. சமையலுக்கு உகந்த புளிப்பு ஆப்பிள் தோற்று, அப்படியே கடித்துத் தின்னும் ஆப்பிள் ஜெயித்துவிட்டது. அதனால்தான் நாம் இன்று ஆப்பிள் பூரணத்தில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருக்கிறோம்.

ஆகஸ்ட், செப்டம்பரில் புதுசாக வரும் சிம்லா ஆப்பிள் இந்த வேலைக்கு நன்றாக ஒத்துவரும். கெட்டியாக இருக்கும், லேசான புளிப்பும் இருக்கும், கோயம்பேட்டில் விலையும் இறங்கியிருக்கும். ஏப்ரல், மே மாதம் கிடைப்பது குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருந்தது. வெளியில் பளபளப்பாக இருந்தாலும் கடித்தால் மாவாக இருக்கும், கடாயில் போட்ட ஐந்தாவது நிமிடம் குழைந்துவிடும். மெழுகு பூசிய அடர்சிவப்பு இறக்குமதி ஆப்பிளும் அப்படித்தான், வெந்தால் ருசியே இருக்காது. பச்சை நிற கிரானி ஸ்மித் எப்போது போட்டாலும் துண்டு துண்டாக நிற்கும், புளிப்பும் உண்டு, விலைதான் கடிக்கும். நான் பாதி கிரானி ஸ்மித், பாதி சிம்லா என்று கலந்துகொள்கிறேன். ஒன்று குழைந்து மற்றதைச் சேர்த்துப் பிடிக்கும். நான் செய்து பார்த்த எல்லாச் சேர்க்கையிலும் இதுதான் மேல்.

அரை கிலோ ஆப்பிளைத் தோல் சீவி, சுண்டல் கடலையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகளாக நறுக்கி, 60 கிராம் நாட்டுச் சர்க்கரை, அரை எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கால் மணி நேரம் வைத்தால் பாத்திரத்தின் அடியில் சாறு நின்றிருக்கும். பஃபின் அடியை ஊற வைப்பது அதுதான். அதை வடித்துக் கொட்டாதீர்கள், ருசியெல்லாம் அதில் இருக்கிறது. கடாயில் ஒரு ஸ்பூன் வெண்ணெய் போட்டுச் சாறோடு சேர்த்து நல்ல தீயில் சுண்ட விடுங்கள். கடைசியில் ஒரு டீஸ்பூன் சோள மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் மிச்சம் இருக்கும் ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும். பதம் பார்க்க, கரண்டியால் பூரணத்தை ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். கடாயின் அடி தெரிய வேண்டும், அந்தத் தடத்தில் மறுபடி சாறு ஊறி வரக் கூடாது. ஊறி வந்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

பட்டைத்தூள் அரை டீஸ்பூன். மளிகைக் கடையில் பிரியாணிக்குத் தருகிற தடித்த பட்டை வேண்டாம், காரம் தூக்கும். இலங்கையிலிருந்து வரும், தாள் தாளாகச் சுருண்ட மெல்லிய பட்டையை வாங்கி வீட்டிலேயே பொடித்தால் ஆப்பிளை அமுக்காது. நான் சுக்குப் பொடியும் ஒரு சிட்டிகை போடுவேன். ஏலக்காய் போட்டால் கேசரி ஞாபகம் வருகிறது, அதனால் இல்லை. பூரணம் முழுசாக ஆறி, முடிந்தால் ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பிறகுதான் மாவில் வைக்க வேண்டும். வெதுவெதுப்பாக வைத்தால் காலையில் ஐந்தரைக்கு எழுந்ததெல்லாம் வீண்.

மாவை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து 12 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால் எட்டு வரும். வெட்டக் கூர்மையான கத்திதான் வேண்டும். சோமாசி கரண்டியின் பல் சக்கரத்தை ஓட்டினால் விளிம்பு அழகாக இருக்கும், ஆனால் அது அடுக்குகளை ஒன்றோடொன்று நசுக்கி ஒட்டிவிடும், அந்த ஓரம் எழும்பாது. என் மாமியாருக்கு இதில் உடன்பாடு இல்லை. “இது நம்ம சோமாசிதானேம்மா, எதுக்கு இத்தனை தடவை ஃப்ரிட்ஜுல வச்சு வச்சு எடுக்குற?” என்பார். “எண்ணெயில போட்டா அஞ்சு நிமிஷத்துல முடியும் அத்தை, ஆனா பிரிஞ்சு வராது” என்று சொல்வேன். தீபாவளிக்கு அவர் செய்கிற சோமாசி என் பஃபைவிட ருசியானது என்பதால் அதற்குமேல் வாதாடுவதில்லை.

இரண்டு ஸ்பூன் பூரணம், ஓரத்தில் தண்ணீர் தொட்டு முக்கோணமாக மடித்து, ஓரத்திலிருந்து ஒரு விரல்கடை உள்ளே தள்ளி அழுத்த வேண்டும். மேலே இரண்டு கீறல், ஆவி போக. முட்டை சாப்பிடுபவர்கள் மஞ்சள் கருவில் கொஞ்சம் பால் கலந்து பூசலாம், நல்ல மினுமினுப்பு வரும். எங்கள் வீட்டில் பாலும் பாலாடையும்தான். நிறம் வருகிறது, மினுமினுப்பு கொஞ்சம் குறைவு. எதைப் பூசினாலும் வெட்டிய ஓரத்தில் வழிய விடாதீர்கள், காய்ந்து அடுக்கை ஒட்டிவிடும். பூசிய பிறகு கடைசியாக ஒருமுறை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்.

ஓடிஜியில் திருகு சொல்கிற சூடும் உள்ளே இருக்கிற சூடும் ஒன்றல்ல. உள்ளே தொங்கவிடுகிற சின்ன தெர்மாமீட்டர் வாங்கி வைத்தேன். என்னுடையதில் திருகு 200 காட்டும்போது உள்ளே 180 பக்கம்தான். இப்போது 220-இல் வைத்து 20 நிமிடம் சூடாக்குகிறேன். பின்பக்க வலது மூலை மட்டும் சீக்கிரம் சிவக்கும், அதனால் பாதியில் ட்ரேயைத் திருப்ப வேண்டும். முதல் 12 நிமிடம் நிஜமான 200 டிகிரி, அப்புறம் 180-க்கு இறக்கி இன்னும் 12 முதல் 15 நிமிடம். முதல் 12 நிமிடம் முடியும் வரை கதவைத் திறக்கவே கூடாது. ஒரு தடவை சூடாக்கிச் சுட்டு முடிக்க ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் ஆகிறது.

அடி வெள்ளையாகவே இருப்பதுதான் ஓடிஜிக்காரர்களின் பெரிய புலம்பல். அதற்கு நான் கண்டுபிடித்த வழி, பழைய இரும்பு தோசைக்கல். கைப்பிடி இல்லாதது, உள்ளே அடங்குகிற அளவு. அதைக் கீழ் கம்பித் தட்டில் வைத்துத்தான் அவனைச் சூடாக்குவேன். பஃப் வைத்த மெல்லிய ட்ரேயை நேராக அந்தக் கல்லின்மேல் வைத்துவிட்டால், பூரணம் சாறு விடுவதற்குள் அடி வெந்து இறுகிவிடும். இரும்பு சூடாக நேரம் எடுக்கும், அதனால் இன்னும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதற்காகவே விற்கிற கல் பலகைகளை விலை பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இத்தனை வருடத்தில் மெஷின் எப்படி உழைத்தது என்றால், ராடுகள் நன்றாக இருக்கின்றன. கதவின் ஸ்பிரிங் தளர்ந்து, மூடினாலும் ஒரு நூல் இடைவெளி நிற்கிறது, அந்தப் பக்கம் சூடு ஒழுகுகிறது. திருகில் அச்சடித்த எண்கள் முதலிலேயே அழிந்துவிட்டன, 180, 200, 220 மூன்றுக்கும் நெயில் பாலிஷில் புள்ளி வைத்திருக்கிறேன். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால் புது மாடல் வாங்கச் சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான் சர்வீஸ். சர்க்கரைப் பாகு கீழே சொட்டினால் அடுத்தமுறை புகையும். அதனால் துகள் தட்டில் அலுமினியத் தாள் விரிக்கிறேன், கீழ் ராடில் படாமல்.

சுட்டது சென்னைக் காற்றில் நிற்காது. காலையில் மொறுமொறுவென்று இருப்பது மாலைக்குள் நமுத்துவிடும். மைக்ரோவேவில் சூடாக்கினால் இன்னும் ரப்பர். 160 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் வைத்தால் பாதிக்கு மேல் திரும்பி வரும். அதைவிட நல்லது, சுடாமலே உறைய வைப்பது. மடித்த பஃபுகளைத் தட்டில் தனித்தனியாக ஃப்ரீசரில் வைத்து, கல்லான பிறகு டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். வேண்டும்போது இளக விடாமல் அப்படியே அவனில் வைத்து ஐந்து நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும். ஃப்ரீசரிலிருந்து நேராகப் போனவை புதிதாகச் செய்தவற்றைவிட நன்றாக எழும்புகின்றன. வெண்ணெய் அத்தனை கெட்டியாக இருப்பதுதான் காரணம். விருந்தாளி வருகிறார்கள் என்றால் இப்போதெல்லாம் நான் பதறுவதில்லை.

ஏர் ஃப்ரையர் பற்றி: தங்கை வீட்டில் செய்து பார்த்தோம். விசிறிக் காற்றில் மேல் அடுக்கு சீக்கிரம் சிவந்துவிடுகிறது, சில சமயம் தூக்கிக்கொண்டு சாய்கிறது. கூடைக்கு இரண்டு மூன்று பஃப்தான் அடங்கும், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு அது தாராளம், 180 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். ஆப்பிள் பஃபுக்காக மட்டும் ஓடிஜி வாங்க நான் சொல்ல மாட்டேன். கேக், பிஸ்கட், பன் என்று வாரம் ஒருமுறையாவது ஓடும் என்றால் வாங்கலாம், 28 லிட்டருக்குக் குறையாமல். ஆறு பஃபுக்கு மேல் ஒரு ட்ரேயில் அடங்காது. எட்டு செய்தால் மீதி இரண்டு ஃப்ரீசருக்கு.