சோழமண்டலம்: ஒரு போர்டு ஆர்ட்டிஸ்ட் போய் வந்த கதை

தாம்பரத்தில் முப்பது வருஷமாக போர்டு எழுதுகிறேன். பிளெக்ஸ் வந்தபிறகு வேலை பாதியாகிவிட்டது. மாமல்லபுரம் போகும்போதெல்லாம் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தின் வாசலைக் கடந்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் மகளோடு உள்ளே நுழைந்தேன்.

மரத்தடியில் கருங்கல் சிற்பங்கள் நிற்கின்றன. அவற்றை அப்புறம் பார்க்கலாம், முதலில் மியூசியத்துக்குப் போங்கள். இந்தக் கிராமம் உருவாகக் காரணமான ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படம் முன்னால் என் கால் நின்றுவிட்டது. வரிவரியாகப் பொடி எழுத்து, நடுவே ஜாதகக் கட்டம் மாதிரி கோடுகள். மலையாளம் போலிருக்கிறது, ஆனால் எழுத்துக் கூட்டினால் வார்த்தை வரவில்லை. எங்கள் தொழிலில் பஸ்ஸில் போகிறவனும் ஒரே பார்வையில் வாசித்தாக வேண்டும். இங்கே வாசிக்க முடியாததால், சுழி எங்கே தொடங்கியது, கை எங்கே நின்றது என்றுதான் கண் போகிறது. எழுத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

அவருடைய மகன் நந்தகோபாலின் சிற்பங்கள் செம்பு, பித்தளைத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்தவை. சாமிக்குப் பின்னாலிருக்கும் திருவாசி மாதிரி முன்பக்கம் பார்த்து நிற்கின்றன.

மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரிக்குப் பிறகு சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் பணிக்கர். படிப்பு முடித்த பிள்ளைகள் படம் வரைந்து மட்டும் பிழைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அவரும் அந்தப் பிள்ளைகளும் சேர்ந்து, பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயம் போட்ட துணி) போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கி, 1966இல் இந்தக் கிராமத்தைத் தொடங்கினார்கள். வயிற்றுக்குச் செய்யும் வேலை கலையைக் கெடுக்கும் என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். இனி அவர்களை இங்கே கூட்டிவருவேன்.

அன்றைக்கு இது ஊருக்கு வெளியே கடலோர மணல். 2011இல் இஞ்சம்பாக்கம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது, சுற்றிலும் நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. ஆனாலும் பட்டறைகள் இங்கேயே இருக்கின்றன. இடம் ஓவியர்களுடையது, அதனால்தான். வாடகை ஏறி மூன்று தடவை கடை மாற்றியவன் நான். ஒவ்வொரு தடவையும் பழைய வாடிக்கையாளர்களில் சிலரை இழந்தேன். சொந்த மண் என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

உள்ளே இருப்பவை ஓவியர்கள் குடியிருக்கும் வீடுகள். கேட்காமல் கதவைத் தட்டாதீர்கள். நாங்கள் மூன்று மணிக்குப் போய் அவசர அவசரமாகப் பார்த்தோம், நீங்கள் காலையிலேயே போங்கள். திருவான்மியூரிலிருந்து பஸ் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துவிடுங்கள். என் மகள் பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் வரைய வேண்டியதாகிவிட்டது.